வேணாம்னு சொல்லப் போனவர்

சக்கரபாணி அன்றைக்குத் திண்டிவனம் கிளம்பியது சாப்பிடுவதற்காக இல்லை. சாப்பிடாமல் இருப்பதற்காக. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலே நடக்கிற காரியம் அது. அதற்குப் போய் வெள்ளை வேட்டி சட்டை போட்டு, பெண்டாட்டியையும் மகளையும் காரில் ஏற்றிக்கொண்டு, வல்லத்திலிருந்து புழுதி பறக்கப் போன மனுஷனை என்னவென்று சொல்வது!

விஷயம் இதுதான். அவருடைய ஒரே மகள் கலைப்பிரியா விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். சென்டருக்கு எதிரே ஒரு பர்கர் கடை. டப்பாவில் அம்மா கட்டிக் கொடுத்த தயிர்சோறு இருக்க, மகராசி பர்கர் தின்னப் போனாள். போனவள் தின்றோமா வந்தோமா என்று இருந்தாளா? கடை முதலாளிக்கே மனசைக் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். பையன் பெயர் அரிபிரசாத். கேட்டரிங் படித்தவன். விழுப்புரம் கடை நன்றாக ஓடியதில் திண்டிவனத்திலும் ஒரு கடை போட்டுவிட்டான். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, பார்க்கவும் லட்சணமாக இருந்தான். அவனிடம் இருந்த ஒரே குறை, மரக்காணம் பக்கத்தில் ஒரு குப்பத்தில், கடலுக்குப் போகிறவர் வீட்டில் பிறந்து தொலைத்ததுதான். சக்கரபாணி வீடோ வல்லத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற குடித்தனம். கடற்கரைச் சனத்தோடு கொள்வினை கொடுப்பினையா, சிவ சிவா!

இதே சக்கரபாணிக்கு ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மீன் வேண்டும். அதுவும் மரக்காணத்து மீன்தான் வேண்டும். செவுளைத் தூக்கிப் பார்த்து, சிவப்பாக இருந்தால்தான் வாங்குவார். மீன் அங்கேயிருந்து வரலாம், மாப்பிள்ளை வரக்கூடாது. பைபாஸ் ஓட்டலில் மூணு பரோட்டா முடித்துவிட்டு நாலாவதுக்குக் கை காட்டுகிற ஆள், உள்ளே மாவு பிசைகிறவன் எந்த ஊர், என்ன சனம் என்று ஒருநாளாவது எட்டிப் பார்த்திருப்பாரா? கேட்டால் பசிக்கு அதெல்லாம் பார்க்க முடியுமா என்பார்.

மகள் அழவில்லை, விஷம் குடிப்பேன் என்று மிரட்டவில்லை. அழுதிருந்தால் அதட்டியிருக்கலாம். அவள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "நீ வந்து பையனைப் பாருப்பா. பார்த்துட்டு வேணாம்னு சொன்னா நான் ஒண்ணும் ஓடிப்போக மாட்டேன். ஆனா வேற எவனுக்கும் கழுத்தை நீட்ட மாட்டேன். உன் வூட்லயே கெடக்கறேன்." சொன்னால் சொன்னதைச் செய்கிற பிள்ளை. அந்தப் பிடிவாதம் யார் வீட்டுச் சொத்து என்று சக்கரபாணிக்குத் தெரியாதா என்ன! அதனால் பார்க்கப் போவதற்கு ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொண்ட கையோடு எதிர்வீட்டுக்கு ஓடினார். எதிர்வீட்டில் இருப்பது அவருடைய அண்ணன் பூமாலை. கிணற்று மோட்டார் மாற்றுவதென்றாலும் அண்ணனைக் கேட்டுத்தான் சக்கரபாணி மாற்றுவார். அண்ணன் கொஞ்சநேரம் மீசையை நீவிவிட்டு ஒரு வழி சொன்னார். பெண் பார்க்கவோ மாப்பிள்ளை பார்க்கவோ போகிற இடத்தில் கை நனைத்தால் சம்பந்தத்துக்குச் சரி என்று அர்த்தம். இஷ்டமில்லாதவர்கள் எதையும் தொடாமல், "ஊருக்குப் போய் சொல்லியனுப்பறோம்" என்று எழுந்துவிட வேண்டியது. யார் வாயும் கெடாமல் காரியம் முடிந்துவிடும்.

"போய்ட்டு வா, பார்த்த மாரியும் இருக்கட்டும்" என்றார் பூமாலை. "ஆனா பச்சைத்தண்ணி பல்லுல படக்கூடாது. பட்டுச்சி, அப்பறம் உன் வூட்டு நல்லது கெட்டதுக்கு நான் வாசல் மிதிக்க மாட்டேன். ஆமா."

எங்கே போய்ப் பார்ப்பது? மரக்காணத்துக்குப் போனால் அந்த ஊரே வேடிக்கை பார்க்கும். அவர்கள் வல்லத்துக்கு வந்தால் இந்த ஊர் பார்க்கும். விழுப்புரமென்றால் மகளோடு வேலை செய்கிறவர்கள் பார்ப்பார்கள். யாரும் பார்க்காத இடமாகத் திண்டிவனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நாலு திசையிலிருந்தும் ஜனங்கள் வந்து பஸ் மாறுகிற ஊர் அது. என்ன ஒரு மூளை! பையனின் கடையிலேயே, ஞாயிற்றுக்கிழமை, எமகண்டத்துக்கு முன்னால் என்று முடிவானது.

சக்கரபாணி வீட்டிலேயே வயிறு முட்டத் தின்றுவிட்டுப் போவதாகத்தான் திட்டம். அதில் தையல்நாயகி மண்ணைப் போட்டாள். "மாவு புளிச்சிப் போச்சி. எமகண்டம் வந்துடும், ஜல்தி கெளம்புங்க" என்று புருஷனை ஒரு டீயோடு காரில் ஏற்றிவிட்டாள். முந்தின நாள் ஆட்டிய மாவு ஒரே ராத்திரியில் எப்படிப் புளித்ததோ, அந்த அம்மாளுக்கே வெளிச்சம்.

கடைக்குள் நுழைந்ததுமே சக்கரபாணிக்குப் பேஜாராகிவிட்டது. ஏசி குளிரில் வறுத்த மீன் வாசனை. சுவரெல்லாம் படகுப் படம். நாற்காலிகள் தென்னைமர உயரத்துக்கு இருந்தன. ஏறி உட்கார்ந்தால் கால் தரையில் படவில்லை. ஊரில் நாலு பேர் எழுந்து வணக்கம் சொல்கிற மனுஷன், இங்கே கால் ரெண்டும் தொங்க, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

எதிரே பையனின் அப்பா ஆதிநாராயணன், அம்மா தேவகி. ஆதிநாராயணன் வெயிலில் காய்ந்து கறுத்த, வாட்டசாட்டமான ஆள். "வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். தேவகிதான் "வாங்க அண்ணே, வாங்க அண்ணி, வழியில ஒண்ணும் சிரமம் இல்லியே" என்று விசாரித்தாள். அண்ணே என்றதும் சக்கரபாணி உஷாரானார். அதற்குள் உறவு கொண்டாடுகிறார்களாம்! பையன் வந்து மாமா என்று கூப்பிடட்டும், வெடுக்கென்று ஒரு வார்த்தை சொல்லி அந்த இடத்திலேயே நறுக்கிவிடவேண்டும் என்று காத்திருந்தார்.

பையன் ஏப்ரனைக் கழற்றிவிட்டு வந்து கும்பிட்டான். "வணக்கம் சார்" என்றான்.

சாரா? சக்கரபாணிக்கு அதுவும் பிடிக்கவில்லை. தாசில்தார் ஆபீசா இது!

சரி, சாப்பாட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். காரில் வரும்போதே ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். முதலில் தண்ணீர் வரும், கையை லேசாகத் தூக்கி "இப்பத்தான் குடிச்சேன்" என்க வேண்டும். அப்புறம் தட்டு வரும், நெஞ்சில் கை வைத்து "டாக்டர் வெளியில சாப்பிடக் கூடாதுன்னுட்டாரு" என்க வேண்டும். ரொம்பக் கட்டாயப்படுத்தினால் இருக்கவே இருக்கிறது, "இன்னொரு நாளைக்கு ஆவட்டும்."

தண்ணீர் வரவில்லை.

மழையைப் பற்றிப் பேசினார்கள். மல்லாட்டை விலையைப் பற்றிப் பேசினார்கள். மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றித் தேவகி சொன்னாள். கடைப் பெண் ஒருத்தி தட்டை ஏந்திக்கொண்டு இவர்கள் பக்கமாக வந்தாள். சக்கரபாணி நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தை மரியாதையாக வைத்துக்கொண்டு, வலது கையை உயர்த்தினார். தட்டு அவரைத் தாண்டிப் பின்னால் இருந்த காலேஜ் பசங்களிடம் போனது. தூக்கிய கையை என்ன செய்வது? தலையைச் சொறிந்துகொண்டார். கொஞ்சநேரத்தில் இன்னொரு தட்டு வந்தது. மறுபடி கை உயர்ந்தது. அது ஜன்னலோரத்தில் குழந்தைக்குப் பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருந்த குடும்பத்துக்குப் போனது. மனுஷன் அன்றைக்குச் சொறிந்த சொறியில் தலை புண்ணாகாதது அதிசயம்.

தையல்நாயகி வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து நிதானமாகக் குடித்தாள். புருஷனிடம் நீட்டினாள். அவர் முறைத்தார். விருந்தாளியாக வந்த இடத்தில் சொந்தத் தண்ணீரைக் குடிப்பதைவிடக் கேவலம் உண்டா? சுற்றிலும் சின்னது பெரிசு எல்லாம் வாயை ஆவென்று பிளந்து கடித்துக்கொண்டிருந்தன. அவருக்கு வயிறு கபகபவென்று எரிந்தது. வந்தவர்களைச் சாப்பிடுறீங்களா என்று ஒரு வார்த்தை கேட்கவேண்டாம்? இதென்ன ஜென்மங்கள்!

அந்த நேரம் பார்த்து அண்ணனிடமிருந்து போன் வந்தது. சக்கரபாணி நாற்காலியிலிருந்து குதித்து இறங்கி வெளியே ஓடினார். வண்டிகள் நிறுத்தியிருந்த இடத்தில் நின்று குசுகுசுவென்று பேசினார்.

"இன்னாடா, சாப்பிட்டே ஆவணும்னு ரொம்ப ரோதனை பண்றாங்களா?"

"இல்லண்ணே."

"நீ தொடலயே?"

"குடுத்தாத்தானே தொடறதுக்கு. அவங்க இன்னும் கேக்கவே இல்ல."

"தண்ணி?"

"அதுவும் வரல."

பூமாலைக்கு வந்ததே கோபம்! "நம்மள இன்னான்னு நெனச்சிக்கினு இருக்கானுங்க? ஊர்ல நம்மளுக்கு இருக்கற மரியாதை இன்னா, மதிப்பு இன்னா? வூடு தேடி வந்தவனுக்கு ஒரு சொம்புத் தண்ணி குடுக்கத் தெரியாதா? வுடாத. கேளு. கேட்டு வாங்கி, அப்பறம் வேணாம்னு சொல்லிட்டு வா!"

தம்பிக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. அந்தக் குடும்பத்தில் நியாயம் இப்படித்தான் பேசுவார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். நாற்காலியில் ஏறவில்லை, நின்றபடியே ஆரம்பித்தார்.

"ஏம்மா, நான் தெரியாமத்தான் கேக்கறேன். அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்து இவ்ளோ நேரமா உக்காந்துக்கினு இருக்கோம். ஒரு வாய் தண்ணி குடிக்கறீங்களா, ஒரு வாய் சாப்பிடறீங்களான்னு உங்க யாருக்காவது கேக்கத் தோணிச்சா? ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடற கடையாச்சே! எங்களுக்கு மட்டும் இல்லியா?"

பக்கத்து மேஜைக் காலேஜ் பசங்கள் கடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அரிபிரசாத் பதறி எழுந்தான். தேவகி அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"கோவிச்சிக்காதீங்க அண்ணே" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நீங்க சாப்பிட மாட்டீங்கன்னு எங்களுக்கு முன்னியே தெரியும். பாப்பா போன் பண்ணி சொல்லிடுச்சி. அப்பா வருவாரு, ஆனா எதையும் தொட மாட்டாரு, நீங்க குடுக்காதீங்க அத்தேன்னு சொல்லிச்சி. நாங்க குடுத்து, நீங்க வேணாம்னு கையை ஆட்டினா எனக்கு ஒண்ணும் இல்ல. கூடை தூக்கி மீன் வித்தவ நான், எத்தினியோ பார்த்திருக்கேன். ஆனா இது எம்புள்ள கடை. அவங்கிட்ட வேலை செய்யற புள்ளைங்க எல்லாம் நிக்குதுங்க. அதுங்க முன்னாடி அவன் நீட்டின தட்டு திரும்பி வர்றத நான் பார்க்கணுமா? அதான் வுட்டுட்டோம்."

சக்கரபாணி ஒத்திகை பார்த்து வைத்திருந்த மூணு பதிலில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. மகளைப் பார்த்தார். கலைப்பிரியா மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் கலங்கியிருந்தது. பெத்த அப்பன் இப்படித்தான் நடந்துகொள்வான் என்று அவளுக்கு அத்தனை நிச்சயம். யாரோ முன்பின் தெரியாத பொம்பளையிடம் போன் போட்டு, எங்கப்பா அவமானப்படுத்துவார், ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறாள். வெறிநாய் இருக்கிற வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வது போல. அவருக்கு வெட்கமாக இருந்தது. இதுவரைக்கும் யாரும் அவரை இப்படி வெட்கப்படவைத்ததில்லை.

வெட்கத்தை மறைக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். சத்தம் போடுவது.

"யாரு சொன்னா நான் சாப்பிட மாட்டேன்னு? அவ சின்னப் பொண்ணு, அவளுக்கு இன்னா தெரியும்! குடுத்துப் பார்த்தாத்தானே தின்றேனா இல்லியான்னு தெரியும்? கொண்டாங்க!"

தையல்நாயகி பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அரிபிரசாத் தானே உள்ளே போய் ஒரு பர்கர் செய்து கொண்டுவந்தான். நடுவில் மீன் வடை, மேலே மல்லாட்டைச் சட்னி. தட்டை வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். சக்கரபாணி நாற்காலியில் ஏறி உட்கார்ந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எந்தப் பக்கத்திலிருந்து கடிப்பது? வாய் அத்தனை பெரிதாகத் திறக்குமா? யாரிடமும் கேட்க மனசில்லை. மேல் பன்னைத் தூக்கி ஓரமாக வைத்தார். இலை தழையை எடுத்து வேறு ஓரத்தில் வைத்தார். மீன் வடையைத் தனியாகப் பிட்டுச் சட்னியில் தொட்டுத் தின்றார். அப்புறம் பன்னை. கடைசியில் மிச்சமிருந்த தழையைப் பார்த்தார், காசு கொடுத்து வாங்கியிருப்பான் என்று அதையும் மென்றார். காலேஜ் பசங்களில் ஒருத்தன் செல்போனைத் தூக்க, இன்னொருத்தன் அவன் முதுகில் ஒன்று வைத்தான்.

நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் சக்கரபாணி என்ன ஆவது?

"மல்லாட்டை இன்னும் கொஞ்சம் வறுபட்டிருக்கணும்" என்றார்.

"சரிங்க சார்."

"இன்னா சார், மோரு! மாமான்னு கூப்பிட வாய் வராதா?"

கலைப்பிரியா குபுக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே துப்பட்டாவில் கண்ணைத் துடைத்தாள். தேவகி தையல்நாயகியின் கையைப் பிடித்துக்கொண்டாள். சக்கரபாணிக்குப் பெருமை பிடிபடவில்லை. என்னமோ காணி நிலத்தைத் தானம் எழுதிக் கொடுத்தவர் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். நம்மைப்போல யாருக்கு வரும் இந்தப் பெரிய மனசு!

அப்போதுதான் ஆதிநாராயணன் வாயைத் திறந்தார்.

"நீங்க சாப்பிட்டதுல சந்தோசம்ங்க" என்றார். "ஆனா இது கடை. இங்க யாரு வேணா வருவாங்க, தின்னுட்டுப் போவாங்க. உங்க ஊரு ஆளுங்க ஒருத்தரும் இத்தப் பார்க்கல. நாங்க உங்க வூட்டுக்கு வந்தா எங்க உக்கார வைப்பீங்க? நடு வூட்ல எலை போடுவீங்களா, இல்ல வாசல்ல சேர் போட்டு டம்ளர்ல கலர் ஊத்திக் குடுத்து அனுப்புவீங்களா? உங்க அண்ணன் பெரியவருன்னு பாப்பா சொல்லிச்சி. அவரு எங்ககூட உக்காந்து சாப்பிடுவாரா? அது தெரியாம நாங்க பொண்ணு எடுக்கறதா இல்ல. நாளைக்கி அவன் மாமியார் வூட்டுக்குப் போய்ட்டுப் பசியோட வரக்கூடாது பாருங்க."

சக்கரபாணி அசந்துபோனார். வேண்டாம் என்று சொல்ல இவர்களுக்கும் வாய் உண்டு என்பது இத்தனை நாளும் அவர் புத்தியில் படவே இல்லை. அண்ணன் புத்தியிலும் படவில்லை. சம்மதிப்பதும் சம்மதிக்காததும் வல்லத்துக்காரர்கள் பாடு, சொன்னதும் கும்பிட்டு வாங்கிக்கொள்வது மரக்காணத்துக்காரர்கள் பாடு என்றே இருந்துவிட்டார்கள். மேஜையில் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். கலைப்பிரியாவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

எதிர்வீடு கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்த வீட்டைத் தாண்டாமல் இவர் வீட்டுக்கு ஒரு ஆள் வரமுடியாது. ஒளித்து மறைத்து இலை போடுகிற வழியே கிடையாது. மழுப்பிவிடலாமா என்றுகூட ஒருகணம் பார்த்தார். ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்றால் இப்போதும் தப்பித்துவிடலாம். வாய்வரை வந்தது. மகள் நிமிராமல் உட்கார்ந்திருந்தாள், இதுவும் அவளுக்கு முன்னாலேயே தெரிந்ததுதான் என்பது போல.

சக்கரபாணி செல்போனை எடுத்தார். வெளியே போகவில்லை. அங்கேயே உட்கார்ந்தபடி அண்ணனைக் கூப்பிட்டார்.

"இன்னாடா, வேணாம்னு சொல்லிட்டியா?" பூமாலையின் குரல் பக்கத்து மேஜைவரை கேட்டது.

"சாப்பிட்டேண்ணே."

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் சக்கரபாணியே தொடர்ந்தார்.

"வர்ற ஞாயித்துக்கெழமை இவங்க நம்ம வூட்டுக்கு வர்றாங்க. நடு வூட்ல எலை போடறோம். நீயும் அண்ணியும் வந்து இவங்க பக்கத்துல உக்காரணும். நீ வந்தாத்தான் எனக்கு…" சக்கரபாணி பாதியில் நிறுத்தினார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "அண்ணே?" என்றார். மறுபடியும், "அண்ணே, கேக்குதா?" என்றார்.

போன் எப்போதோ கட்டாகியிருந்தது. அது தெரிந்தும் கொஞ்சநேரம் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் மேஜைமேல் வைத்துவிட்டு, ஆதிநாராயணனைப் பார்த்தார்.

"அவரு வரமாட்டாரு" என்றார். "நீங்க வாங்க."